ஒரே பலகை, இரு பணிகள்: ஒலிக்கலவைப் பலகையின் வரலாறும் திருச்சபையின் தேர்வும்

முன்னுரை

ஆலயத்தில் ஒலிபெருக்கி தேவையா என்று இன்று எவரும் வாதிடுவதில்லை. எத்தகைய கருவியை வாங்குவது, அதற்கு எவ்வளவு செலவிடுவது, அதனை யார் பொறுப்பில் விடுவது என்பனவே சேகரக் கமிட்டிகளில் எழும் வினாக்கள். இவ்வினாக்களுள் பெரும்பாலானவை ‘மிக்ஸர்’ என்று நம் பேச்சில் வழங்கும் ஒலிக்கலவைப் பலகையைச் சுற்றியே அமைகின்றன. பல ஒலிவாங்கிகளிலிருந்து வரும் ஒலிகளை ஏற்று, ஒவ்வொன்றின் அளவையும் தன்மையையும் தனித்தனியே சீர்செய்து, வேண்டியவாறு ஒன்றுசேர்த்து வெளியே அனுப்புவது இப்பலகையின் தொழில்.

இப்பலகை இன்று இரு பணிகளைச் செய்ய வேண்டியதாயிருக்கிறது. ஆலயத்திற்குள் அமர்ந்திருப்போர் அந்நேரமே தெளிவாய்க் கேட்கச் செய்வது முதற்பணி. அங்கு இல்லாதோர் பின்னர்க் கேட்கும்படி ஒவ்வோர் ஒலியையும் தனித்தனித் தடத்தில் பதிந்து வைப்பது இரண்டாம் பணி. இவ்விரண்டும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். ஆயினும், இவை வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு தேவைகளிலிருந்து பிறந்து, நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்து, அண்மையிலேயே ஒரு பலகைக்குள் வந்து சேர்ந்தவை. அவ்வரலாற்றை அறிவோமாயின் எதை வாங்குவது என்னும் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். எஞ்சிய பாதி, யாருடைய குரல் கேட்கப்பட வேண்டும் என்ற நம் இறையியலைச் சார்ந்தது. இவ்விரண்டையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

1. பலரும் கேட்க ஒருவர் பேசுதல்

மக்கள் திரளுக்குக் குரல் எட்டச் செய்வது எப்படி என்பது தொன்மையான சிக்கல். எஸ்றா மரத்தாலான பிரசங்க பீடத்தின்மேல் நின்றதையும் (நெகே. 8:4), நம் ஆண்டவர் படவில் ஏறிக் கடலிலிருந்து கரையிலிருந்தோருக்குப் போதித்ததையும் (மாற். 4:1) இந்நோக்கில் வாசித்தால், கேட்கச் செய்தலும் ஊழியத்தின் ஓர் அங்கமாய் இருந்ததைக் காண்கிறோம். 1739ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு பிலதெல்பியா நகரில் வெளியரங்கமாய்ப் பிரசங்கித்தபோது, பெஞ்சமின் பிராங்ளின் அவர் குரல் கேட்கும் எல்லை வரை தெருவில் பின்னோக்கி நடந்து சென்று, அத்தொலைவை ஆரமாகக் கொண்ட அரைவட்டத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று கணக்கிட்டார். முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கேட்கக்கூடும் என்பது அவர் கண்ட முடிவு. அதற்கு அப்பால் மனிதக் குரலுக்கு வழியில்லை.

அவ்வெல்லையைக் கடக்க மின்சாரம் உதவியது. 1915 டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்து பிறப்பின் முன்னாள் மாலையில், சான்பிரான்சிஸ்கோ நகரில் மாக்னவாக்ஸ் ஒலிபெருக்கி பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டப்பட்டது. 1921 நவம்பர் 11ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹார்டிங் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் ஆற்றிய உரை, தொலைபேசிக் கம்பிகள் வழியாய் நியூயார்க், சான்பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களில் கூடியிருந்த மக்களுக்கும் ஒலிபெருக்கிகளில் எட்டியது.

அதே 1921இன் தொடக்கத்தில் திருச்சபை வரலாற்றில் குறிக்கத்தக்க ஒரு நிகழ்ச்சி நடைபெற்றது. ஜனவரி 2ஆம் நாள் ஞாயிறு மாலை, பிட்ஸ்பர்க் நகரின் கல்வாரி எபிஸ்கோப்பல் ஆலய ஆராதனையைக் கே.டி.கே.ஏ. வானொலி நிலையம் ஒலிபரப்பியது. அந்நிலையம் தன் பணியைத் தொடங்கி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. ஆராதனைக்கு இடையூறு நேராதபடி, ஒலிவாங்கிகளைக் கவனித்த பொறியாளர் இருவரும் பாடகர் குழுவினரின் அங்கிகளையே அணிந்து அமர்ந்தனர். அவர்களில் ஒருவர் யூதர், மற்றவர் ரோமன் கத்தோலிக்கர் என்பது பதிவாகியுள்ளது. ஒலியைக் கையாளுவோர் ஆராதனையின் ஒழுங்கிற்குள் அடங்கி நிற்க வேண்டும் என்ற உணர்வு முதல் ஒலிபரப்பிலேயே இருந்தது என்பது நாம் மனங்கொள்ளத்தக்கது.

எனினும், ஒலியைப் பெரிதாக்குவதும் தெளிவாக்குவதும் ஒன்றல்ல. எதிரொலி மிகுந்த பேராலயங்களில் ஒலிபெருக்கிகளைப் பெருக்கப் பெருக்கச் சொற்கள் கலங்கின. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஆகவே பீடத்திலிருந்து 34 மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவருக்குப் பிரசங்கியாரின் நேர்க்குரல் பத்தில் ஒரு நொடி கழித்தே எட்டும். கம்பி வழியே அருகிலுள்ள ஒலிபெருக்கிக்குச் சென்ற குரலோ உடனே கேட்கும். 1949இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ், ஒரே ஒலி இருமுறை மிகக் குறுகிய இடைவெளியில் வருமாயின் முதலில் வந்த திசையையே செவி உண்மையான திசையாகக் கொள்கிறது என்று நிறுவினார். இந்த அறிவைக் கொண்டு 1950களின் தொடக்கத்தில் இலண்டன் தூய பவுல் பேராலயத்தில், தொலைவிலுள்ள தூண் வடிவ ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் குரலைக் காந்தப் பதிவின் உதவியால் சற்றுத் தாமதிக்கச் செய்தனர். பின்வரிசையில் இருந்தோருக்கும் சொற்கள் பீடத்திலிருந்து வருவனவாகவே தோன்றின. கருவியின் வலிமையால் ஆகாதது, செவியின் இயல்பை அறிந்ததனால் ஆயிற்று.

2. தடங்கள் பிரிந்த வரலாறு

ஒலிப்பதிவு வேறொரு பாதையில் சென்றது. தொடக்கத்தில் பாடகரும் இசைக்கருவியாளரும் ஒரே அறையில் கூடி ஒரே நேரத்தில் இசைக்க, அவ்வொலி முழுவதும் ஒரே தடத்தில் இசைத்தட்டில் பொறிக்கப்பட்டது. பின்னர்த் திருத்த வழியில்லை. 1931 டிசம்பரில் ஆங்கிலப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் இரு செவிக்குரிய ஒலியமைப்புக்குக் காப்புரிமை கோரினார். 1933 ஏப்ரல் 27ஆம் நாள் பெல் ஆய்வுக்கூடத்தார் நடத்திய சோதனை இன்னும் வியப்பிற்குரியது. பிலதெல்பியா இசைக்குழு தன் நகரில் இசைத்தது. அவ்விசை மூன்று ஒலிவாங்கிகளிலிருந்து மூன்று தனிக் கம்பிவழிகளில் வாஷிங்டன் நகருக்குச் சென்று மூன்று ஒலிபெருக்கிகளில் முழங்கியது. குழுவின் புகழ்பெற்ற நடத்துநர் லியோபோல்டு ஸ்டொகோவ்ஸ்கி அன்று இசைக்குழுவின் முன் நிற்கவில்லை. அவர் வாஷிங்டன் மன்றத்தில் அமர்ந்து, ஒலி அளவுகளைக் கூட்டியும் குறைத்தும் இசையை ஆண்டார். கோலைக் கையில் ஏந்தியவரிடமிருந்த அதிகாரம், குமிழைத் திருப்புபவரிடம் இடம் மாறிய நாள் அது எனலாம்.

1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வெளிவந்த மாக்னட்டோஃபோன் என்னும் நாடாப் பதிவுக் கருவி, போருக்குப்பின் அமெரிக்கா சென்று அங்கு வளர்ச்சியுற்றது. கித்தார் கலைஞரான லெஸ் பால், தம் குரலையும் இசையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பதிந்து வந்தவர். ஒரே நாடாவில் எட்டுத் தடங்களைத் தனித்தனியே பதியவல்ல ஆம்பெக்ஸ் கருவி 1957இல் அவரிடம் வந்தது. இதன்பின் ஒரு பாடலின் பகுதிகளை ஒரே நேரத்தில் இசைக்க வேண்டிய கட்டாயம் நீங்கிற்று. அட்லாண்டிக் நிறுவனத்தின் பொறியாளர் டாம் டவ்டு, எட்டுத் தடக் கருவியை விரைவில் தம் கூடத்திற்குக் கொண்டுவந்ததோடு, வட்டக் குமிழ்களுக்குப் பதிலாக மேலும் கீழும் நகரும் ஃபேடர்களைப் பலகையில் அமைத்தார். வட்டக் குமிழாயின் ஒரு கைக்கு ஒன்றே. நகரும் ஃபேடராயின் விரலுக்கு ஒன்று. பியானோ வாசிப்பதுபோல் பல ஒலிகளை ஒருசேர ஆளலாம்.

இலண்டனில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் ஆபி ரோடு கூடத்தில் பீட்டில்ஸ் குழுவினர் 1963 அக்டோபரில் நான்கு தடக் கருவிக்கு வந்தனர். நான்கும் நிரம்பியபின் அவற்றைக் கலந்து மற்றொரு கருவியின் ஒரு தடத்திற்கு மாற்றி, எஞ்சிய தடங்களில் புதிய ஒலிகளைச் சேர்ப்பர். ஒருமுறை கலந்ததை மீளப் பிரிக்க இயலாது. ஆதலின் ஒவ்வொரு கலவையும் ஒரு தீர்ப்பாயிருந்தது. 1968இன் இறுதியில் அக்கூடத்தில் நிறுவப்பட்ட டி.ஜி. 12345 என்னும் பலகை 24 உள்வழிகளும் எட்டு வெளிவழிகளும் உடையது. வெற்றிடக் குழாய்களுக்குப் பதிலாக டிரான்சிஸ்டர்களால் இயங்கியது.

பதிவுக்கூடப் பலகைக்கு ஒரு தனித் தேவை உண்டு. ஒலிவாங்கியிலிருந்து நாடாவுக்குச் செல்லும் வழி ஒன்றும், முன்னமே பதிந்ததை நாடாவிலிருந்து திரும்பக் கேட்கும் வழி மற்றொன்றும் அதில் ஒருங்கே இருக்க வேண்டும். முதலில் இவ்விரண்டுக்கும் பலகையில் வெவ்வேறு பகுதிகள் ஒதுக்கப்பட்டன. தடங்கள் பதினாறு, இருபத்து நான்கு எனப் பெருகப் பெருகப் பலகையும் அறையை அடைக்கும் அளவுக்கு நீண்டது. 1970களின் முற்பகுதியில் டேவ் ஹாரிசன் என்னும் அமெரிக்கர், இரு வழிகளையும் ஒரே பட்டைக்குள் அடக்கும் அமைப்பை உருவாக்கி இச்சிக்கலைத் தீர்த்தார்.

3. மேடையின் நெருக்கடி

பதிவுக்கூடத்தில் இத்தனை முன்னேற்றம் நிகழ்ந்த அதே ஆண்டுகளில் மேடையொலி பின்தங்கியே நின்றது. 1965 ஆகஸ்டு 15ஆம் நாள் நியூயார்க் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் பாடியபோது 55,000க்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தனர். விளையாட்டு அறிவிப்புகளுக்கென வைத்திருந்த ஒலிபெருக்கிகளே அவர்கள் குரலைச் சுமந்தன. கூட்டத்தின் ஆரவாரத்தில் பாடியவர்களுக்கே தங்கள் பாட்டுக் கேட்கவில்லை.

இக்குறை நீங்கப் பலர் உழைத்தனர். இங்கிலாந்தில் சார்லி வாட்கின்ஸ் 1967இல் விண்ட்சர் இசைவிழாவில் ஆயிரம் வாட் ஆற்றலுள்ள அமைப்பை இயக்கினார். அவரது நிறுவனத்தின் ‘ஆடியோமாஸ்டர்’ ஐந்தே வழிகள் கொண்ட சிறு பலகை. வேண்டுமாயின் பலவற்றை இணைத்துக்கொள்ளலாம். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் திறந்தவெளி விழாவின் ஒலியமைப்பைப் பில் ஹான்லி ஏற்றார். அங்கே மேடை ஒலிவாங்கிகளிலிருந்து வந்தது இரண்டாகப் பிரிக்கப்பட்டது: ஒன்று வெளியில் அமர்ந்திருந்த பெருந்திரளுக்கு, மற்றது பின்புறத்தில் எட்டுத் தடக் கருவிகளில் பதிவதற்கு. ஒரே பாட்டு, இரு பலகைகள், இரு வகைச் செவிகள். நம் ஆய்வுக்குரிய பிரச்சினை இங்கே தெளிவாக உருப்பெறுகிறது.

1973இல் பில் டட்டரிட்ஜ், கிரஹாம் பிளைத் ஆகிய இருவர் இலண்டனில் சவுண்ட்கிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கி, பயணப்பெட்டிக்குள்ளேயே பொருத்தப்பட்ட மேடைப் பலகையை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் ஜப்பானின் யமஹா நிறுவனத்தின் பி.எம். 1000 வந்தது. இவற்றின் தேவைகள் வேறு: ஊர் ஊராய்ச் சுமந்து செல்ல உறுதி வேண்டும், மேடையிலுள்ளோர் தம்மைத் தாமே கேட்க மானிட்டர்களுக்குத் தனிக் கலவை வேண்டும், ஒலிபெருக்கி ஊளையிடாமல் காக்க விரைந்து கை நீட்டும் வசதி வேண்டும். நாடாவிலிருந்து திரும்பக் கேட்கும் வழி இங்குத் தேவையில்லை. இவ்வாறாக, 1970களின் நடுவில் மேடைப் பலகையும் பதிவுப் பலகையும் இரு வேறு இனங்களாய் நின்றன.

4. ஆர்கன் மாடமும் ஒலிப் பலகையும்

இவ்வரலாற்றில் திருச்சபை வெறும் வாடிக்கையாளராய் மட்டும் நிற்கவில்லை. ஆங்கிலத்தில் ‘கன்சோல்’ என்னும் சொல், ஒலிக்கலவைப் பலகைக்கு வழங்குவதற்கு முன்னரே, குழலிசை ஆர்கனின் விசைப்பலகைப் பகுதிக்கு வழங்கியது. எண்ணற்ற குழல்களில் எவை ஒலிக்க வேண்டும், எவை அடங்க வேண்டும் என்று ஓரிடத்தில் அமர்ந்து ஒருவர் தெரிந்தெடுக்கும் முறை இரண்டுக்கும் பொது.

இவ்வுறவு சொல்லளவில் நில்லாது மனிதரிலும் காணப்படுகிறது. பதிவுப் பலகைகளின் வரலாற்றில் தலையாய பெயர்களுள் ஒன்று ரூபர்ட் நீவ். 1926இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், பிரிட்டிஷ் அன்னிய வேதாகமச் சங்கத்தின் மிஷனெரிகளான பெற்றோருடன் அர்ஜென்டினாவில் வளர்ந்தார். சிறுவயதிலேயே வானொலிப் பெட்டிகளைச் செப்பனிட்டார். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் படையின் சைகைப் பிரிவில் பணியாற்றியபின், பழைய இராணுவ ஆம்புலன்ஸ் வண்டி ஒன்றில் கருவிகளை ஏற்றிக்கொண்டு, பாடகர் குழுக்களையும் இசைவிழாக்களையும் தட்டுகளில் பதிந்தும், பொதுக்கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்தும் வந்தார். மன்றமும் பதிவும் அவ்வண்டியில் ஒன்றாகவே பயணம் செய்தன. 1961இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பலகைகளும், 1970இல் வெளிவந்த 1073 என்னும் முன்பெருக்கியும் இன்றளவும் போற்றப்படுகின்றன. 2021இல் தம் 94ஆம் வயதில் மறையும் வரை அவர் தம் கிறிஸ்தவ விசுவாசத்தை மறைத்தவரல்லர்.

பதிவுக்கூடங்களில் பெரும்புகழ் பெற்ற சாலிட் ஸ்டேட் லாஜிக் நிறுவனம் 1969இல் காலின் சாண்டர்ஸ் என்பவரால் நிறுவப்பட்டபோது அதன் முதல் தொழில், குழலிசை ஆர்கன்களுக்கு மின்னணுக் கட்டுப்பாட்டு அமைப்புகளைச் செய்வதே. அவ்வறிவே பின்னர், பலகையின் நிலைகளைக் கணிப்பொறியில் நினைவிற்கொண்டு மீட்கும் முறைக்குத் துணையாயிற்று. முன் குறிப்பிட்ட கிரஹாம் பிளைத் ஆர்கன் கச்சேரிகள் நிகழ்த்திய கலைஞர். பல ஒலிகள் தம் தனித்தன்மை இழவாமல் ஒன்றாய் இசைய வேண்டும் என்ற நாட்டம் ஆர்கன் மாடத்திலிருந்து ஒலிப் பலகைக்குச் சென்றது எனக் கொள்வது மிகையாகாது.

5. விலை இறங்கிய காலம்

அதுவரை இவை யாவும் பெருஞ்செல்வம் உடையோருக்கே உரியவை. 1979இல் டாஸ்காம் நிறுவனம் சாதாரணக் கேசட்டில் நான்கு தடங்களைப் பதியும் ‘போர்ட்டாஸ்டூடியோ’ கருவியை வெளியிட்டது. கலவைப் பலகையும் பதிவுக் கருவியும் ஒரே பெட்டியில் அடங்கின. 1991இல் அறிவிக்கப்பட்ட ஏடாட் என்னும் கருவி, வீடியோ கேசட்டில் எட்டு எண்முறைத் தடங்களைப் பதிந்தது. அக்காலத்திலேயே கிரெக் மாக்கி என்பவரின் நிறுவனம் பதினாறு வழிச் சிறு பலகைகளைக் குறைந்த விலையில் தந்தது. சிறு குழுக்களும் சபைகளும் முதன்முறையாகப் பல்தடப் பதிவைப் பற்றி எண்ணத் துணிந்தன.

1994இல் யமஹாவின் புரோமிக்ஸ் 01 எண்முறைப் பலகையின் விலையை வெகுவாய்க் குறைத்தது. 2009இல் பிரிசோனஸ் நிறுவனத்தின் ஸ்டூடியோலைவ், மேடைப் பலகையிலிருந்தே ஒரு கம்பி மூலம் கணிப்பொறியில் எல்லாத் தடங்களையும் பதிய வழி செய்தது. 2012இல் வெளிவந்த பெஹ்ரிங்கர் எக்ஸ் 32, 32 ஒலிவாங்கிகளை ஏற்று 32 தடங்களை அவ்வாறே அனுப்பவல்லது. உட்ஸ்டாக்கில் இரு பலகைகளும் இரு குழுவினரும் செய்த பணியை, சிற்றூர் ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்துள்ள ஓர் இளைஞர் ஒருவரே செய்யக்கூடிய நிலை வந்துவிட்டது. அவ்விளைஞர் மேல் இப்பொழுது இரட்டைப் பொறுப்பு விழுந்திருக்கிறது.

6. தேர்வின் அளவுகோல்கள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சபைகள் கைக்கொள்ளத்தக்க சில அளவுகோல்களைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, ஒலிவாங்கிகளை எண்ணுதல். கடைக்குச் செல்லுமுன் தாளில் எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக: பிரசங்க பீடம், வேதபாட பீடம், திருமேசை, ஆராதனை நடத்துபவர் ஆகியவற்றுக்கு நான்கு, பாடகர் குழுவிற்கு நான்கு, தனித்துப் பாடுவோருக்கு மூன்று, கீபோர்டுக்கு இரண்டு, கித்தார்களுக்கு இரண்டு, தாளக் கருவிகளுக்கு மூன்று, சபையாரின் பாடலுக்கு இரண்டு. மொத்தம் இருபது. பதினாறு வழிப் பலகை போதாது. இருபத்து நான்கு வழி வேண்டும். எல்லா உள்வழிகளிலும் ஒலிவாங்கியைச் செருக இயலுமா என்பதையும் காண வேண்டும். சில பலகைகளில் பெயருக்குரிய எண்ணிக்கையில் ஒரு பகுதி, கருவிகளுக்கான இரட்டை வழிகளாகவே இருக்கும். மின்தேக்கி வகை ஒலிவாங்கிகளுக்கு 48 வோல்ட் மின்னூட்டமும் தேவை. இவ்வழக்கம் 1966இல் நார்வே வானொலிக்காக நாய்மன் நிறுவனம் செய்த ஒலிவாங்கியிலிருந்து பரவியது.

இரண்டாவது, பதிவுக்குச் செல்லும் வழி எங்கிருந்து பிரிகிறது என்பது. இரு பணிகளுக்கும் ஒரே பலகையை வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. ஃபேடருக்குப் பின்னிருந்து பிரிந்தால், மன்றத்திற்காகச் செய்யும் ஒவ்வொரு கூட்டலும் குறைத்தலும் பதிவிலும் விழும். ஜெபவேளையில் கீபோர்டைத் தாழ்த்தினால் பதிவிலும் அது மறையும். ஃபேடருக்கு முன்னிருந்து, முன்பெருக்கியை அடுத்தே பிரிந்தால், மன்றத்தில் என்ன செய்தாலும் தடம் பழுதின்றி நிற்கும். பழைய வகைப் பலகையாயின் ஒவ்வொரு வழிக்கும் ‘டைரக்ட் அவுட்’ உண்டா, அது எவ்விடத்திலிருந்து பிரிகிறது என்று பார்க்க வேண்டும். எண்முறைப் பலகையாயின் ஒரே கம்பியில் எத்தனை தடங்கள் செல்கின்றன என்றும், பிரியும் இடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்றும் வினவ வேண்டும். முன்பெருக்கியின் அளவு இரு பணிகளுக்கும் பொது என்பதால், ஆராதனை தொடங்கியபின் அதனைத் தொடாமலிருப்பது நலம்.

மூன்றாவது, துணைக் கலவைகள். பாடகர் குழு, இசைக்கருவியாளர், தாய்மாரின் அறை, நேரடி ஒளிபரப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக் கலவை வேண்டும். இவ்வாறு எண்ணிப் பார்த்தால் நான்கு முதல் ஆறு துணைக் கலவைகள் தேவைப்படும். மலிவான பலகைகளில் உள்வழிகள் பல இருந்தும் துணைக் கலவைகள் இரண்டே இருப்பதுண்டு.

நான்காவது, திறந்த ஒலிவாங்கிகளைக் குறைத்தல். திறந்திருக்கும் ஒலிவாங்கிகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம், ஊளை எழாமல் ஒலியை உயர்த்தும் வாய்ப்பு மூன்று டெசிபெல் குறைகிறது. ஒன்று திறந்திருப்பதற்கும் எட்டுத் திறந்திருப்பதற்கும் ஒன்பது டெசிபெல் வேறுபாடு. ஆகவே வழிகள் பல இருப்பதனால் எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டுமென்பதில்லை. ஒரு குழுவை ஒரே விரலால் அடக்கவும் திறக்கவும் உதவும் குரூப் வசதியும், அடக்கும் விசைகளும் கைக்கு எளிதாய் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, இயக்குவோரின் நிலை. சம்பளம் பெறும் பொறியாளர் நம் சபைகளில் அரிது. வாலிபர் சங்கத்தார் முறைவைத்துப் பணியாற்றுகின்றனர். எண்முறைப் பலகையில் ஒரு ஞாயிற்றின் அமைப்பைச் சேமித்து மறு ஞாயிறு மீட்கலாம் என்பது பெரிய உதவி. ஆனால் ஒரு குமிழுக்குப் பல பணிகள் இருப்பதால், அவசரத்தில் வேண்டியதைத் தேடுவது கடினம். மின்தடைக்குப்பின் அது மீண்டும் எழுந்து இயங்கச் சிறிது நேரம் ஆகும் என்பதால் தடையற்ற மின்வழங்கியும் உடன் வேண்டும். பல்தடப் பதிவினால் பயிற்சிக்கு ஒரு தனி நன்மை உண்டு. ஞாயிறு பதிந்த தடங்களை வாரநாளில் அதே பலகை வழியாக அதே ஆலயத்தில் ஒலிக்கச் செய்து, பாடகர் ஒருவரும் இல்லாமலே புதியவர்கள் கலவை செய்து பழகலாம். பிழை செய்தாலும் ஆராதனை குலையாது.

ஆறாவது, சேமிப்பு. 24 பிட், நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற அளவில் ஒரு தடம் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 518 மெகாபைட் இடம் கொள்ளும். இருபது தடங்கள், ஒன்றரை மணி நேர ஆராதனை எனில் ஏறக்குறைய 15.5 கிகாபைட். ஆண்டு முழுவதையும் இவ்வாறே வைத்திருப்பதா, பண்டிகை ஆராதனைகளை மட்டுமா, பிரசங்கத் தடத்தை மட்டுமா என்று முன்னரே தீர்மானிப்பது நல்லது. காப்பதற்கு வழியின்றிப் பதிவதால் பயனில்லை.

7. விடுபட்ட குரல்

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆயரும் இறையியல் மாணவரும் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. மன்றத்திற்கான கலவை, மன்றத்தில் இயல்பாகக் கேட்காததை ஈடுசெய்யவே அமைகிறது. உரத்து ஒலிக்கும் தாளக் கருவிகளும் குழலிசை ஆர்கனும் ஒலிபெருக்கியின்றியே கேட்பதால், அவற்றின் ஃபேடர்கள் தாழ்ந்தே இருக்கும். தனிக்குரலோ உயர்ந்து நிற்கும். அக்கலவையை அப்படியே பதிந்து வீட்டில் கேட்டால், ஒருவர் வெறுமையில் தனியே பாடுவதுபோல் இருக்கும். இது இயக்குபவரின் குற்றமன்று. இரு செவிகளின் தேவைகள் வேறானவை.

இவ்வாறான பதிவில் முற்றிலும் மறைந்துபோவது சபையாரின் பாடல். அவர்கள் முன் ஒலிவாங்கி இல்லை. ஆலயத்தில் அது தேவையுமில்லை. ஆனால் வீட்டிலிருந்து கேட்கும் நோயாளிக்கும், பிற்காலத்தில் கேட்கப்போகும் சந்ததிக்கும், ஆலயத்தில் பாடியவர்கள் நால்வரே என்ற பொய்ச்சாட்சியை அப்பதிவு கூறுகிறது. சபையார் அனைவரும் தம் தாய்மொழியில் பாட வேண்டும் என்பதற்காகச் சீர்திருத்த காலத்தில் நம் முன்னோர் உழைத்தனர். சரீரம் ஒரே அவயவமாயிராமல் அநேக அவயவங்களாயிருக்கிறது என்னும் அப்போஸ்தலப் போதனையை (1 கொரி. 12) வாயால் பிரசங்கித்துவிட்டு, ஒரே அவயவத்தின் குரலை மட்டும் ஏட்டில் ஏற்றுவது முரண்பாடன்றோ?

பல்தடப் பலகையின் உண்மையான பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. ஆலயத்தின் நடுவில் சபையாரை நோக்கி இரண்டு ஒலிவாங்கிகளை உயரத்தில் அமைக்கலாம். அவற்றை மன்ற ஒலிபெருக்கிகளுக்கு ஒருபோதும் அனுப்பலாகாது. அனுப்பினால் ஊளை எழும். பதிவிற்கும் ஒளிபரப்பிற்கும் மட்டுமே அவை செல்ல வேண்டும். பின்னர்க் கலவை செய்யும்போது, பீடத்திலிருந்து அவை இருக்கும் தொலைவுக்கேற்ப நேரத்தைச் சரிசெய்தால் — தூய பவுல் பேராலயத்தார் அன்று செய்ததன் மறுபக்கம் போல — குரல்கள் ஒன்றோடொன்று பொருந்தும். அப்பொழுது வீட்டிலிருப்பவரும் சபையின் நடுவே அமர்ந்திருப்பதாக உணர்வார். சபையார்க்குரிய இரு வழிகளைப் பட்டியலில் கடைசியாகச் சேர்ப்பதும், பணம் போதாவிடில் முதலில் நீக்குவதும் வழக்கமாயிருக்கிறது. அவ்வரிசையை மாற்றுவது செலவு மிகுந்த காரியமன்று.

முடிவுரை

ஒயிட்ஃபீல்டின் காலத்தில் குரலுக்கு எல்லை வகுத்தது தெருவின் நீளம். ஸ்டொகோவ்ஸ்கியின் காலமுதல் எல்லை வகுப்பவர் பலகையின் முன் அமர்ந்திருப்பவர். அவர் ஒரு ஃபேடரை உயர்த்தும்போது ஒருவர் கேட்கப்படுகிறார். தாழ்த்தும்போது ஒருவர் இல்லாதவராகிறார். எனவே ஒலிக்கலவைப் பலகையைத் தெரிந்தெடுப்பது கணக்கருக்கும் கடைக்காரருக்கும் மட்டும் உரிய காரியமன்று. ஆராதனை முறையை வகுப்போரும், பாடகர் குழுத் தலைவரும், பலகையை இயக்கப்போகும் வாலிபரும், ஆயரும் ஒருங்கே அமர்ந்து தீர்மானிக்க வேண்டியது. விலைப்பட்டியலைத் திறக்குமுன் அவர்கள் விடை காண வேண்டிய கேள்விகள் இரண்டு: நம் ஆலயத்தில் யாருடைய குரல் இன்று எட்டாமலிருக்கிறது? நம் பதிவில் யாருடைய குரல் நாளை காணாமற்போகும்? இவ்விரண்டுக்கும் நேர்மையான விடை எழுதிய தாளோடு செல்வோர், பெரிய பலகையை வாங்காவிட்டாலும் தங்கள் சபைக்குத் தகுந்த பலகையை வாங்கித் திரும்புவர்.